தானாக எரிந்த லைற்று

ஏறாவூர்ச் சந்தைக்குப் பின்னால் ஒரு கிடுகுக் கொட்டிலில் கார், லொறி திருத்திக்கொண்டிருந்த முனாப்புக்கு உலகத்தில் பிடிக்காத வேலை வயர் வேலைதான். எஞ்சின் என்றால் கழற்றிப் பார்க்கலாம். தேய்ந்தது எது, உடைந்தது எது என்று கை சொல்லிவிடும். மின்சாரம் அப்படியில்லை. காலையில் இருந்த பிழை மத்தியானம் இருக்காது. கார்க்காரரைக் கூப்பிட்டுக் காட்டப்போனால் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல இருக்கும். அவர் தலை மறைந்ததும் திரும்பி வரும். "ஷைத்தான்ட வேல புள்ள இது" என்று மனைவி ஸஹீதாவிடம் சொல்லி அலுத்துக்கொள்வான்.

அப்படிப்பட்டவனிடம்தான் நல்லரத்தினம் தன் காரைக் கொண்டுவந்து விட்டான்.

நல்லரத்தினம் மட்டக்களப்பு நகரத்துத் தபாற் கந்தோரில் தந்தி அடிக்கிறவன். வீடு செங்கலடியில். அவனுக்கும் அவன் மனைவி சீதேவிப்பிள்ளைக்கும் பிள்ளைகள் இல்லை. அந்தக் காரைத்தான் பிள்ளையாக வளர்க்கிறார்கள் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவன் வாலிபத்தில் பந்தயம் ஓடுவதற்கென்றே சீமையிலிருந்து இறக்கிய கார் அது. இரண்டு பேர்தான் இருக்கலாம். நீண்ட மூக்கு, கூரான வால். உள்ளே இருப்பவரின் முழங்கை தெருவை உரசிவிடுமோ என்று தோன்றும் அளவுக்குத் தாழ்ந்த இருக்கை. உலக யுத்தத்துக்குப் போகும்போது துரை அதை நல்லரத்தினத்திடம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனான்.

மலைக் குளிரில் ஒழுங்காக இருந்த கார் வாவிக்கரைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே நோயாளியாகிவிட்டது. உப்புக் காற்றுப் பட்டு, வயர்களின் மேல் இருந்த றப்பர் காய்ந்து, தொட்டால் தூளாக உதிர்ந்தது. இடது பக்கம் திருப்பினால் ஹோர்ன் தானாக அலறும். ஒரு தரம் கோயில் திருவிழாவில் சாமி வீதி வலம் வரும்போது அது அலறத் தொடங்கி, நிற்பாட்ட வழி தெரியாமல் நல்லரத்தினம் வயரையே பிடுங்கி எறிந்தான். அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் கொட்டிலுக்குள் விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

"இந்த மூதேவிய வித்துத் துலைக்கப்போறன் காக்கா" என்பான் நல்லரத்தினம். முனாப்பை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"வித்துப்போட்டு நீங்கதான் அழுவீங்க தம்பி" என்பான் முனாப்.

யுத்தம் வந்தபிறகு கடைகளில் வயர் என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. டயர் இல்லை, பற்றரி இல்லை, வயரைச் சுற்றும் நாடாகூட இல்லை. அந்த நேரத்தில்தான் ஸஹீதாவின் தம்பி மர்சூக் ஒரு சுருள் வயரை வயிற்றில் சுற்றி, சாறனால் மறைத்துக்கொண்டு வந்து கொட்டிலில் போட்டான். அவன் பட்டாளத்து முகாமில் கூலி வேலை செய்தான். முகாமுக்கு வெளிச்சம் இழுக்க வந்த வயர் அது. கறுத்த உறையில் மஞ்சள் நூல் ஒன்று நெளிந்து ஓடியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் அரசாங்கத்துச் சாமான் என்று சிறுபிள்ளையும் சொல்லும்.

"மச்சான், வேணாமெண்டா வாவிக்குள்ள போடுங்க. நான் திருப்பிக் கொண்டுபோக ஏலா" என்றான் மர்சூக்.

முனாப் அதை வாவிக்குள் போடவில்லை. நல்லரத்தினத்தின் காருக்குப் போட்டான்.

அந்தக் காரில் லைற்று எரிகிற விதம் லேசானது. பற்றரியிலிருந்து ஒரு வயர் சுவிச்சுக்கு வரும். அதில் எந்நேரமும் மின்சாரம் நிற்கும். சுவிச்சிலிருந்து இன்னொரு வயர் லைற்றுகளுக்குப் போகும். சுவிச்சைத் தட்டினால் இரண்டும் சேரும், லைற்று எரியும். சுவிச்சைத் தட்டாமலே அந்த இரண்டும் எங்காவது ஒன்றில் ஒன்று முட்டினாலும் எரியும். முனாப் முதல் வயரை மாற்றினான். இடையில் ஓர் இடத்தில் நீளம் காணாமல் முடிச்சுப் போட்டு, சுற்ற நாடா இல்லாததால் சீலைத் துண்டொன்றைத் தாரில் தோய்த்துச் சுற்றினான். இரண்டாவது வயரை மாற்றச் சுருளில் மிச்சம் இல்லை. றப்பர் உதிர்ந்த அந்தப் பழைய வயர், தார்ச் சீலை முடிச்சுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"மத்ததப் பிறகு மாத்துவம்" என்றான்.

"கார் ஓடுதா?"

"ஓடும். லைற்றும் பத்தும்."

"லைற்று ஆருக்கு வேணும்? எல்லா ஊரையும் இருட்டாக்கச் சொல்லி அரசாங்கத்து ஓடர். போட்டாப் பிடிப்பானுகள்" என்று சிரித்துக்கொண்டே நல்லரத்தினம் காரை எடுத்துக்கொண்டு போனான்.

அது சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய கிழமை. திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் கப்பல்கள் எரிந்து மூழ்கின. எண்ணெயில் தோய்ந்த மனிதர்களைக் கரைக்கு ஏற்றினார்கள். சனம் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் ஓடியது. ஓடாதவர்கள் கரையோரம் நின்று கடலையே பார்த்தார்கள். எங்கே ஒரு வெளிச்சம் தெரிந்தாலும் எதிரிக்குக் காட்டுகிறான் என்று கத்தினார்கள்.

தபாற் கந்தோரில் தந்தி ஓயவில்லை. நல்லரத்தினம் அங்கேயே தூங்கி அங்கேயே எழும்பி, கடைசியில் ஒரு நாள் பொழுதுபடும் நேரத்தில்தான் வீட்டுக்கு வெளிக்கிட்டான். லைற்றுப் போடாமல், மங்கலில் தெருவை முகர்ந்து முகர்ந்து போகிறவன்போல மெல்ல ஓட்டினான். தன்னாமுனையைத் தாண்டி வாவியை ஒட்டிப் போகும் இடத்தில் தெரு குண்டும் குழியும். ஒரு குழியில் சில்லு இறங்கி ஏறியது. இரண்டு லைற்றும் பளிச்சென்று எரிந்தன.

சுவிச்சைத் தட்டிப் பார்த்தான். சுவிச்சு அணைந்துதான் இருந்தது. காரை நிறுத்தி, உள்ளே கையை விட்டு வயர்களை உலுக்கினான். அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது. பற்றரியைக் கழற்ற இருக்கையைத் தூக்கினான். ஆணி கறள் பிடித்து இறுகியிருந்தது. பதறிப்போய்ச் சட்டையைக் கழற்றி ஒரு லைற்றை மூடினான். மற்றதை மூட ஓடும்போது காற்று சட்டையைத் தூக்கியது. திரும்பி ஓடினான். இப்படி அவன் அங்கும் இங்கும் ஓடி மூடுவதையும் திறப்பதையும், எரிவதையும் அணைவதையும், வாவிக்கு அப்பால் தென்னந்தோப்புக்குள் காவலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தோப்புக்குப் பின்னால் கடல். பட்டாளத்து லொறி வந்தபோது லைற்று மங்கி அணைந்திருந்தது; நல்லரத்தினம் வெறும் மேலோடு தெருவில் நின்றான். கேட்டவர்களுக்குத் தான் தந்தி அடிக்கிறவன் என்று சொன்னான். பொய் சொல்லத் தெரியாதவன். லைற்றை எரித்து அணைத்துக் கடலுக்குத் தந்தி அடித்தான் என்பதற்கு அந்த ஒரு சொல்லே போதுமாயிருந்தது.

மறுநாள் காலையில் பொலிஸ்காரன் ஒருவன் முனாப்பின் கொட்டிலுக்கு வந்தான். தெருவில் நிற்கிற காரை ஒருவராலும் ஸ்டார்ட் பண்ண முடியவில்லை. வந்து எடுத்துக் கொடு என்றான். நடந்ததையும் அவன்தான் சொன்னான். "லைற்று தானாப் பத்தினதாம். நல்ல கதை" என்று சிரித்தான்.

முனாப் சாமான் பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனான்.

கார் வாவிக்கரையில் தனியே நின்றது. பொலிஸ்காரன் மர நிழலில் சுருட்டுப் பற்றவைத்தான். முனாப் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். எஞ்சின் சூட்டில் தார் இளகி ஒழுகி, சீலை நழுவி, முடிச்சு நிர்வாணமாக நின்றது. பக்கத்துப் பழைய வயரில் அது முட்டிய இடத்தில் ஒரு கறுத்த புள்ளி, சுருட்டு நெருப்பால் சுட்டதுபோல. பற்றரி முழுக்க அந்த வழியே வடிந்துபோயிருந்தது. நல்லரத்தினம் சொன்னதெல்லாம் உண்மை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் புள்ளிதான். அதைத் தொட்டுக்கொண்டு மஞ்சள் நூல் ஓடிய வயர் கிடந்தது.

அவன் நெடுநேரம் யோசிக்கவில்லை என்பதுதான் பின்னாளில் அவனை வதைத்தது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் செய்திருந்தால், தன்னை ஒரு கெட்டவன் என்றாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். யுத்த காலத்தில் பட்டாளத்துச் சாமான் களவு, மர்சூக்கின் மூன்று பிள்ளைகள், ஸஹீதாவின் முகம். இவை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கை தன்பாட்டில் வேலை செய்தது. புதிய வயரை உருவினான். கறுத்த புள்ளி இருந்த துண்டையும் வெட்டினான். பையில் கிடந்த பழைய துண்டுகளால் இணைத்து, ஒன்றோடொன்று முட்டாமல் விலக்கிக் கட்டினான். வயர் வேலையில் அவன் வாழ்நாளிலேயே சுத்தமாகச் செய்த வேலை அது. உருவியதைச் சுருட்டி, கை கழுவுகிறவன்போலக் குனிந்து வாவித் தண்ணீருக்குள் தாழ விட்டான். பிறகு பொலிஸ்காரனைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னான்.

பொலிஸ் வளவில் வேறு பற்றரி போட்டுக் காரைச் சோதித்தார்கள். பட்டாளத்து வெள்ளைக்காரத் துரை ஒருவன் நாற்காலியில் இருந்தான். பக்கத்தில் யாழ்ப்பாணத்து இன்ஸ்பெக்டர். காரைக் கல்லிலும் குழியிலும் ஏற்றி இறக்கினார்கள். நாலு பேர் பிடித்து ஆட்டினார்கள். உள்ளே கையை விட்டு வயர்களை இழுத்தார்கள். லைற்று எரியவில்லை.

நல்லரத்தினத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். யாரோ கொடுத்த பெரிய சட்டை தோளில் தொங்கியது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. முனாப்பைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை முனாப் சாகும்வரை மறக்கவில்லை.

"சேர், இவரக் கேளுங்க. இவர்தான் எண்ட காரத் திருத்துறவர். வயர் எல்லாம் பழுதெண்டு இவருக்குத் தெரியும். காக்கா, சொல்லுங்க காக்கா."

"நீர் சொல்லும். இந்தக் கார் லைற்று தானாக எரியுமோ?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

முனாப் தன் காலைப் பார்த்தான். "பழைய கார் ஐயா" என்றான்.

"அதை நான் கேட்கேல்லை. நீர் திருத்தினபோது அப்படியொரு பிழை இருந்ததோ?"

"நான் கண்டதில்ல ஐயா."

துரைக்கு அது இங்கிலிசில் சொல்லப்பட்டது. நல்லரத்தினம் வீங்காத கண்ணால் முனாப்பை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த நாள் அவனைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள்.

ஸஹீதாவிடம் முனாப் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்பிப் போகிற புருஷனைப் பார்த்து அவளாகவே பிடித்துவிட்டாள். மர்சூக்கும் முகாம் வேலையை விட்டு ஓட்டமாவடிப் பக்கம் போய்விட்டான். பள்ளியில் தொழுகைக்கு நிற்கும்போது முனாப்புக்கு வரிசை மறந்துபோகும். மற்றவர்கள் குனியும்போது நிமிர்ந்து நிற்பான்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய ஒரு நாள் சீதேவிப்பிள்ளை கொட்டிலுக்கு வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். கொழும்புக்குப் போய்ப் புருஷனைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஸஹீதா பாய் போட்டாள், அவள் இருக்கவில்லை.

"காக்காட்ட ஒண்டு சொல்லச் சொன்னவர்" என்றாள். "காக்காவுக்கு எல்லாம் தெரியும், பயத்திலதான் சொல்லல்ல, நீ போய் அவரோட கோவிக்காத எண்டு சொன்னவர்."

முனாப் கையில் இருந்த திருகுச் சாவியைக் கீழே வைத்தான்.

"நான் கோவிக்கல்ல காக்கா. எனக்குக் கோவிக்கவும் தெம்பில்ல. அவர் இப்ப இரத்தமாத் துப்புறார். அதத்தான் பாத்திட்டு வாறன்."

அவள் போனபிறகு கொட்டிலில் வேலை நின்றது. ஸஹீதா வாசலில் நின்று தெருவைப் பார்த்தபடியே பேசினாள்.

"போய்ச் சொல்லுங்க."

"என்னை உள்ள போடுவானுகள் புள்ள."

"போடட்டும். நீங்க இப்பவும் வெளியில இல்லத்தானே." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "மர்சூக்குட பேர மட்டும் சொல்லிராதீங்க."

இன்ஸ்பெக்டர் அவனை நாற்காலியில் இருத்தியே கேட்டார். முனாப் எல்லாம் சொன்னான், மர்சூக்கைத் தவிர. வயர் தெருவில் கிடந்து எடுத்தது என்றான். முடிச்சு, தார்ச் சீலை, கறுத்த புள்ளி, வாவிக்குள் போட்டது. சொல்லச் சொல்ல, இது எவ்வளவு சின்ன விஷயம், இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் எல்லாம் எவ்வளவு சுளுவாக முடிந்திருக்கும் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வயரைக் காட்டும்."

வாவிக்கரையில் முனாப் கழுத்தளவு தண்ணீரில் இறங்கித் தடவினான். சேறுதான் வந்தது. கச்சானில் புரண்ட வாவித் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருக்கவேண்டும்.

"அப்ப செய்து காட்டுறன் ஐயா. கார் இஞ்சதானே நிக்கி. அதே மாதிரிக் கட்டுறன். நீங்களே பாருங்க."

பொலிஸ் வளவில் கோழிகள் அடைந்து கிடந்த காருக்குள் அவன் மறுபடி தலையை விட்டான். பிழைகளைத் தேடித் தேடி அழித்தவன், தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பிழையை உண்டாக்க உட்கார்ந்தான். வயரின் தோலை உரித்தான். முடிச்சை அரைகுறையாகப் போட்டான். தார் கேட்டு வாங்கிச் சீலையைத் தோய்த்துச் சுற்றி, வெயிலில் அது இளகும்வரை காத்திருந்தான். அந்தத் துரை இல்லை; வேறொருவன் வந்திருந்தான், இளம் பொடியன், பொறுமையில்லாமல் தொப்பியால் விசிறிக்கொண்டு. காரைத் தள்ளிக் குழியில் இறக்கினார்கள்.

லைற்று எரிந்தது. பட்டப்பகலில் மஞ்சளாக, குருட்டுக் கண்போல எரிந்தது. ஆட்டினால் அணைந்தது, மீண்டும் எரிந்தது.

"பாத்தீங்களா ஐயா! சுவிச்சு அணஞ்சிதான் கிடக்கு. பாருங்க, பாருங்க!" முனாப் குழந்தைபோலக் கத்தினான். அவன் கண்ணால் தண்ணீர் ஓடியது.

இளம் துரை இன்ஸ்பெக்டரிடம் ஏதோ கேட்டான். இன்ஸ்பெக்டர் பதில் சொன்னார். துரை தலையாட்டி ஏதோ எழுதச் சொன்னான். இன்ஸ்பெக்டர் முனாப்பின் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"சுவிச்சைத் தொடாமல் லைற்றைச் சிமிட்டுறதுக்கு இந்தக் காருக்குள்ளே ஒரு வழி செய்யலாம் எண்டு நீர் காட்டிப்போட்டீர். இவ்வளவு நாளும் அந்த ஆளுக்கு எதிராக எங்களிட்டை அந்தச் சாட்சி இருக்கேல்லை."

முனாப்புக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் அவன் லைற்றை இரண்டு கையாலும் பொத்தினான், அதை மறைத்துவிட்டால் காட்டியது இல்லாமல் போய்விடும் என்பதுபோல.

பட்டாளத்து வயரைத் தெருவில் எடுத்து ஒளித்ததற்கு அவனையும் கம்பிக்குள் மறியலில் போட்டார்கள். மறியலில் அவன் நிம்மதியாகத் தூங்கினான் என்று வெளியே வந்து ஸஹீதாவிடம் மட்டும் சொன்னான். நல்லரத்தினத்தை யுத்தம் முடியும்வரை விடவில்லை. வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. ஒரு நாள் கதவைத் திறந்து போ என்றார்கள். தந்தி வேலை போயிற்று. செங்கலடி வீட்டுச் சுவரில் காட்டிக்கொடுத்தவன் என்று எழுதியிருந்ததால் சீதேவிப்பிள்ளை அவனைத் தன் தாய் ஊரான கரடியனாற்றுக்கே நேரே கூட்டிக்கொண்டு போனாள்.

முனாப் அங்கே போனது அறுவடைக் காலத்தில். வயல் வட்டை முழுக்க வைக்கோல் மணம். வயலோரத்து வாடிக் குடிசையில் நல்லரத்தினம் சாக்குக் கட்டிலில் சாய்ந்து இருந்தான். நெஞ்சு எலும்புக் கூடாகியிருந்தது. தூரத்தில் சீதேவிப்பிள்ளை கூலியாட்களோடு கதிர் கட்டிக்கொண்டிருந்தாள். வந்தது யார் என்று கண்டும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"இருங்க காக்கா" என்றான் நல்லரத்தினம்.

முனாப் நிலத்தில் இருந்தான். "என்னை மன்னிக்கணும் தம்பி" என்று மட்டும் சொன்னான்.

நல்லரத்தினம் நெடுநேரம் இருமினான். பிறகு, "அந்த லைற்று ஏன் பத்தின?" என்று கேட்டான். "எனக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லல்ல. அங்க கிடந்து அதத்தான் யோசிச்ச நான். சில நேரம், நான்தான் போட்டேனோ எண்டும் வந்திச்சி."

முனாப் சொன்னான். தார்ச் சீலையையும் முடிச்சையும், கறுத்த புள்ளியையும் அதை வெட்டியதையும், தண்ணீருக்குள் விட்டதையும் ஒன்றும் விடாமல் சொன்னான். மர்சூக்கின் பெயரையும் சொன்னான். நல்லரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கேட்டு முடிந்ததும் அவன் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கி அமைதியானது. அது மன்னிப்பில்லை, கணக்குச் சரிவந்த ஒருவனின் களைப்பு.

"அப்ப நான் போடல்ல" என்றான்.

"நீங்க போடல்ல தம்பி. அல்லாஹ்வுக்குத் தெரியும்."

"இப்ப எனக்கும் தெரியும்."

வெயில் சாய்ந்தது. சூடடிக்கிற இடத்தில் மாடுகளை அதட்டும் சத்தம் கேட்டது. முனாப் எழும்பலாமா இருக்கலாமா என்று தெரியாமல் இருந்தான்.

"இனி வராதீங்க காக்கா" என்றான் நல்லரத்தினம், மெதுவாக. "கோவத்தில சொல்லல்ல. நீங்க வந்தா நான் உங்களோட கதைக்க வேண்டி வரும். கதைச்சாப் பழைய மாதிரிச் சிரிப்பு வரும். அது என்னால ஏலா."

"சரி தம்பி" என்றான் முனாப்.

வரம்பு வழியே அவன் பதுளை வீதிக்கு நடந்தான். சீதேவிப்பிள்ளையைத் தாண்டும்போது நின்றான். அவள் கதிர்க்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அவனுக்கு வழிவிட்டு வரம்பிலிருந்து சேற்றுக்குள் இறங்கி நின்றாள். அவன் போனபிறகு ஏறி, தன் வழியே போனாள்.